மூச்சு விட இடமில்லாத பதினாறு கட்டங்கள்

பெத்ரா மான்சா
மார்ச் 8, 1962
(அனுப்பாத கடிதம்)

அன்புள்ள அண்ணா,

இன்று காலையில் முதலில் என் காதில் விழுந்தது காபி சொட்டும் சத்தம். வடிகட்டும் துணியிலிருந்து பாத்திரத்துக்குள் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. காபி வடியும் நேரத்தில்தான் அப்பா பின்வாசலில் உட்கார்ந்து, பொம்பார்தீனோ என்கிற அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலின் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து, தேனீ மாதிரி ஊதிக்கொண்டிருப்பார். உடம்பு முடியாத நாளிலும் அதை மட்டும் விட்டதில்லை.

போய்ப் பார்த்தேன். படுக்கையிலேயே போயிருந்தார். நேற்று சாம்பல் புதனுக்குப் பாதிரியார் வீட்டுக்கு வந்து நெற்றியில் இட்ட சாம்பல் கலையாமல் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"லெனீரா, இங்க வா. நான் போயிட்டா உங்க அண்ணன் என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். அம்மா போனப்ப பண்ணதத்தான் பண்ணுவான். பியானோவ மூடிட்டு ஒரு வருஷம் உக்காந்துருவான்."

"எல்லா வீட்லயும் அப்படித்தானேப்பா பண்றாங்க."

"எல்லா வீட்லயும் பியானோ பூச்சாடி வெச்ச பெட்டி மாதிரி சும்மா நிக்குது. மூடினா என்ன, தொறந்தா என்ன? இவனுக்கு அந்த ஒரு வருஷத்துல ரியோ சங்கீதப் பள்ளிக்கூடத்துல கெடச்ச எடம் போச்சு. திரும்பக் கெடைக்க மூணு வருஷம் ஆச்சு. ஆகஸ்ட்டுல அவனோட கச்சேரி முடியட்டும். அதுவரைக்கும் அவனுக்குச் சொல்லாத."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய் எதுக்கு? சொல்லாம இரு, போதும். வாயத் தொறக்காம இருக்கறதுல இந்த ஊர்லயே உன்ன மிஞ்ச ஆள் இல்லையே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

உன் முகவரியை உறையில் எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டவில்லை.

லெனீரா


பெத்ரா மான்சா
மார்ச் 12, 1962

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரியோவில் வெயில் இன்னும் குறையவில்லை என்று வானொலியில் சொன்னார்கள்.

அப்பாவுக்கு இருமல் முழுவதும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஊர் பேண்டுக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பேண்டுத் தலைவர் தொர்க்குவாட்டோ வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு தோனா செனோபியா சோளக்கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது என் துணைக்கு இங்கேதான் வந்து படுக்கிறாள். தபால் அலுவலகக் கதைகளை எல்லாம் சொல்லித் தூங்கவிட மாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒரு புது உடுப்பு தைத்துக்கொண்டேன். அப்பாவின் தையல் இயந்திரத்தில்தான்.

பேண்டுக்கு இசைத்தாள் படியெடுக்கும் வேலை நடக்கிறது. கிளாரினெட் தாள் முடிந்தது. டிரம்பெட் பாக்கி.

நீ நன்றாக வாசி. வேறு எதையும் நினைக்காதே.

உன் தங்கை
லெனீரா


ரியோ
ஏப்ரல் 3, 1962

என் செல்லத் தங்கச்சிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. அப்பாவுக்கு இருமல் நின்றது என்று படித்ததும் விடுதிக்கார அம்மாளைக் கட்டிப்பிடித்துச் சுற்றிவிட்டேன். "எவரால்டோ, எறக்கி விடு! அடுப்புல பீன்ஸ் கொதிக்குது!" என்று கத்தினாள்.

என் பிழைப்பைக் கேள். காலையில் பேராசிரியை வீட்டில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர்களின் இசை. மாலையில் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் காதல் பாட்டு. சனிக்கிழமைகளில் துர்வாலோடு ஜாஸும் சம்பாவும். துர்வாலை உனக்குத் தெரியுமே, தன்னைவிட உயரமான பாஸ் பிடிலைத் தூக்கிக்கொண்டு டிராம் ஏறுகிறவன். மூன்று இடத்துக்கும் ஒரே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். அதனாலோ என்னவோ மூன்று இசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பேராசிரியை, "உன் இசையில ஹோட்டல் சூப்பு வாசன அடிக்குது" என்கிறாள். ஹோட்டலில் ஒருவர், "ஏம்ப்பா, இது காதல் பாட்டா, ஞாயித்துக்கிழம பூசையா?" என்று கேட்டார்.

வானொலி நிலையத்துக்காரர்களுக்கு மட்டும் அந்தக் கலப்புதான் பிடித்திருக்கிறது. முன்பே எழுதினேனே, அந்தக் கச்சேரிக்கு நாள் குறித்துவிட்டார்கள்: ஆகஸ்ட் ஐந்து, ஞாயிறு மாலை ஐந்து மணி, அவர்களுடைய ஆர்க்கெஸ்ட்ராவோடு என் சொந்த இசை. நாடு முழுவதும் கேட்கும். நன்றாக அமைந்தால் அங்கேயே நிரந்தர வேலை. அப்புறம் ஹோட்டல் சூப்புக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நடுப்பகுதி அமையவில்லை. துர்வால் என்ன சொல்கிறான் தெரியுமா? "டேய், உன் வலது கை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிருச்சு. இடது கை இன்னும் பஸ் ஸ்டாப்புலயே நிக்குது."

அந்த இடத்துக்கு வேண்டியது அப்பாவிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் பேண்டு வால்ட்ஸ் வாசிக்கும்போது, எல்லாரும் மேலே போக, அவர் மட்டும் பொம்பார்தீனோவில் கீழே தனியாக ஒரு வழி போவாரே, அந்தக் கீழ்க்குரல். அதை அவர் எழுதிவைத்ததே இல்லை. அவரை மெதுவாகப் பாடச் சொல்லி நீ எழுதி அனுப்பு. உன் கையெழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறாது.

அப்பாவிடம் நான் ஆசி கேட்டேன் என்று சொல்.

எவரால்டோ


பெத்ரா மான்சா
ஏப்ரல் 26, 1962

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் வாழ்த்துகள். உனக்குத் தூக்கம் குறைவு என்று எழுதியிருந்தாய். படுக்கும் முன் சூடான பால் குடி.

நீ கேட்டதை எழுதி அனுப்புகிறேன். எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.

லெனீரா


பெத்ரா மான்சா
மே 13, 1962
(அனுப்பாத கடிதம்)

அண்ணா,

நேற்று தபால் அலுவலகத்தில் தோனா செனோபியாவிடம் உறை வாங்கப் போனேன். வழக்கம்போல் பேசாமல் விரலால் காட்டினேன். அவள் கறுப்பு ஓரம் போட்ட துக்க உறையை எடுத்து வைத்தாள். நான் தலையாட்டி வெள்ளையைக் காட்டினேன்.

"ஏண்டி, உடம்பு பூரா கறுப்பு, உறை மட்டும் வெள்ளையா? பாவம்டி அந்தப் பையன். எத்தன நாளைக்கு?"

"ஆகஸ்ட் வரைக்கும்."

"அவன் வந்து என்னக் கேட்டா நான் தபால்காரி, படிக்கத் தெரியாதுன்னு சொல்லிருவேன்" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

அப்பாவின் கீழ்க்குரலை நினைவுபடுத்திப் பார்த்தேன். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் கட்டங்களில் முதல் எட்டு அப்படியே வந்தன. அதற்கு மேல் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவர் வேறு மாதிரி அல்லவா வாசித்தார்? எதை எழுதுவது?

நம் பியானோவும் மூடித்தான் இருக்கிறது. துக்க வீட்டில் சத்தம் வரக்கூடாது. மூடிய பலகையின் மேலேயே விரலை வைத்துத் தட்டினேன். சத்தமில்லாமல், அடுத்து எங்கே போகும் என்று விரல் சொன்ன இடத்துக்குப் போனேன். அப்பா அங்கே போயிருக்க மாட்டார் என்று சில இடங்களில் தோன்றியது. ஆனாலும் போனேன். நிறுத்த மனமில்லை. பத்து நாள் இப்படிச் செய்தேன். மத்தியானங்களில், தோனா செனோபியா வேலைக்குப் போன பிறகு.

இருபத்து நான்கு கட்டங்கள் ஆகிவிட்டன. எட்டு அவருடையவை. மீதியை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

லெனீரா


பெத்ரா மான்சா
மே 20, 1962

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் மலை தெரிவதில்லை.

இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். மேலே அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். மை ஓர் இடத்தில் பரவியிருக்கும், அது என் கை பட்டது.

பிடிக்கவில்லை என்றால் கிழித்துவிடு. யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

லெனீரா


ரியோ
ஜூன் 11, 1962

என் தங்கச்சிக்கு,

ஊரே கால்பந்தில் மூழ்கியிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது ஹோட்டலில் நான் என்ன வாசித்தாலும் கேட்க ஆளில்லை. எனக்கும் அது வசதிதான். உன் இரண்டு தாளையும் அங்கேயே வைத்து மூன்று நாள் வாசித்தேன்.

கிழிப்பதா! எட்டாவது கட்டம் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அப்பா பக்கத்தில் நிற்கிறார், மீசை மெழுகு வாசனை உட்பட. ஒன்பதாவது கட்டத்தில் எங்கேயோ திரும்புகிறது. ஜன்னலைத் திறந்தது மாதிரி. அங்கேதான் என் ஜாஸ் வந்து உட்கார இடம் கிடைத்தது, அந்தப் பழைய ஜெர்மன்காரருக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. துர்வால் கேட்டுவிட்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு, "உங்கப்பனுக்கு என்ன வயசு? இருபதா?" என்றான்.

இப்போது ஒரு கேள்வி. நானும் சும்மா விட்டிருப்பேன். ஆர்க்கெஸ்ட்ராவில் டிராம்போன் வாசிக்கும் பெரியவரிடம் தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இத எழுதினது ஊதுறவன் இல்ல."

"எங்கப்பா நாப்பது வருஷமா ஊதுறாரு."

"அப்ப அவரு செத்துருவாரு. ஒன்பதுலேர்ந்து இருபத்து நாலு வரைக்கும் எங்க மூச்சு விடுவாரு? காட்டு பாப்போம்."

எண்ணிப் பார்த்தேன். பதினாறு கட்டங்கள். ஒரு மூச்சுக்குறி இல்லை, ஒரு ஓய்வு இல்லை. அப்பா கடைச் சாமான் பட்டியல் எழுதினாலே நாலாவது சாமானுக்குப் பிறகு மூச்சுக்குறி போடுகிறவர்.

அப்பா இப்போது ஊதுகிறாரா? அவர் கையால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்பு. அவர் பெயரை எழுதினால்கூடப் போதும்.

எவரால்டோ


ரியோ
ஜூலை 1, 1962

லெனீரா,

மூன்று வாரமாகிறது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உலகக் கோப்பையை ஜெயித்துத் தெருவெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டார்கள். எனக்குத்தான் எதிலும் மனம் ஓடவில்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மார்ச் முதல் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் திட்டவில்லை. கோட்டுக்குப் பொத்தான் தைத்தேனா என்று கேட்கவில்லை.

பத்தாம் தேதி ஒத்திகை தொடங்குகிறது. போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆனாலும் எட்டாம் தேதிக்குள் உன் பதில் வரவில்லை என்றால் பேருந்து ஏறிவிடுவேன்.

எவரால்டோ


பெத்ரா மான்சா
ஜூலை 4, 1962

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை தோனா செனோபியா மத்தியானமே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்றைய பையிலேயே இதைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வாசலில் நிற்கிறாள்.

அப்பா மார்ச் எட்டாம் தேதி காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே போனார். கஷ்டப்படவில்லை.

அன்றே உனக்கு எழுதினேன். அனுப்பவில்லை. அதையும் மே மாதம் எழுதி அனுப்பாததையும் இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் அவற்றில் இருக்கிறது. தொர்க்குவாட்டோவையும் பாதிரியாரையும் தந்தி அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவள் நான்தான். அவர்கள்மீது கோபப்படாதே.

அப்பா சொல்லாமல் இருக்கச் சொன்னார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தத் தாளின் மேல் அவர் பெயரை எழுதியபோது நான் பொய் சொல்லிவிட்டேன். அது என் தப்பு. அடக்கத்துக்கு உன்னைக் கூப்பிடாததும் என் தப்புதான். குழிக்குள் இறக்கும்போது பேண்டு அந்த வால்ட்ஸை வாசித்தது. தவக்காலத்தில் வாசிக்கக்கூடாது, பாதிரியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கீழ்க்குரல் இல்லாமல் வாசித்தார்கள். அந்த இடம் காலியாக இருந்தது. நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நீ பியானோவைத் திற என்றோ மூடு என்றோ நான் சொல்ல மாட்டேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லெனீரா


ரியோ
ஜூலை 27, 1962

லெனீரா,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். விடுதிக்கார அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறை.

உன்மீது எனக்குக் கோபம். அது எப்போது தீரும் என்று தெரியவில்லை. என் அப்பாவின் பெட்டியை யார் யாரோ தோளில் தூக்கியிருக்கிறார்கள். நான் அன்று மாலை ஹோட்டலில் காதல் பாட்டு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன், அதனால் எழுதிவிட்டேன்.

நான் செய்வேன் என்று அப்பா சொன்னதைத்தான் செய்தேன். பியானோவை மூடினேன். ஒத்திகைக்குப் போகவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துகிறவர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். மூன்றாவது முறை அனுப்பமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

பதினோராவது நாள் துர்வால் வந்தான். முதலில் என்னோடு அழுதான். அதற்கப்புறம் உன் இரண்டு தாளையும் எடுத்து, மூடிய பியானோவின் மேல் வைத்தான்.

"அப்பாவுக்குத் துக்கம் காக்குற. காத்துக்க. அதுல நான் வாய் வெக்கல. இந்தப் பதினாறு கட்டம் யாரோடது?"

"தங்கச்சியோடது."

"தங்கச்சி உயிரோட இருக்கா?"

"இருக்கா."

"அப்புறம் எதுக்குடா அதயும் சேத்து மூடி வெச்சிருக்க?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை, பசிக்கிறது என்று சமையலறைக்குப் போய்விட்டான். நான் மூடியின் மேல் இருந்த உன் தாள்களைக் கையில் எடுத்தேன். பிறகு திறந்தேன்.

மறுநாள் ஒத்திகைக்குப் போனேன். கோட்டுக் கையில் துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருப்பதைப் பார்த்து நடத்துகிறவர் திட்டுவதைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். டிராம்போன் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார், தான் சிரிப்பாகச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கும். உன் பதினாறு கட்டங்களில் ஒரு மூச்சுக்குறிகூட நான் சேர்க்கவில்லை. பியானோவுக்கு மூச்சு வேண்டாம். நீ எழுதியது பியானோவுக்கு.

தாளின் மேல் இருந்த பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதி அறிவிப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள். ஆனால் அவர் படிப்பார்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி பேருந்தில் வருகிறேன். அப்பாவிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ.

எவரால்டோ


பெத்ரா மான்சா
ஆகஸ்ட் 5, 1962, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். நீ நாளை பேருந்து ஏறிவிடுவாய், இது உன் கைக்குக் கிடைக்காது. வந்ததும் நானே கொடுக்கிறேன். வாயால் சொல்லச் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

துக்க வீட்டில் வானொலி போடக்கூடாது என்பதால் கேட்கவே முடியாது என்று இருந்தேன். நாலரை மணிக்கு தோனா செனோபியா வந்தாள்.

"வீட்லதான போடக் கூடாது? சதுக்கத்துல நிக்கக் கூடாதுன்னு எந்தப் பாதிரி சொன்னாரு? கெளம்புடி."

உலகக் கோப்பைக்குக் கட்டிய ஒலிபெருக்கியை யாரும் இன்னும் கழற்றவில்லை. உன் பெயருக்காகப் பாதி ஊர் வந்திருந்தது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் முதுகு பெரிது, வசதியாக இருந்தது.

அண்ணா, நீ தொடங்கியபோது, "இது கோயில் பாட்டாச்சே" என்றார்கள். அப்புறம் தாளம் சேர்ந்ததும் சிலர் காலை அசைத்தார்கள். நடுப்பகுதி வந்தது. அதைச் சத்தமாக நான் கேட்பது இதுதான் முதல் தடவை. பலகையில் தட்டியபோது அது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் தொர்க்குவாட்டோ தொப்பியைக் கழற்றினார். இருபத்து நான்கு முடியும் வரை நான்தான் மூச்சு விடவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அறிவிப்பாளர் இரண்டு பெயரையும் படித்தார்.

"லெனீரா நொகெய்ராவா? யாருப்பா அது?" என்றார் கிளாரினெட்காரர்.

"ரியோக்காரியா இருக்கும்."

"நம்ம தையக்காரர் பொண்ணு பேரும் அதுதானே?"

"அதுவா! அது தபாலாபீஸ்ல உறை வேணும்னே வாயத் தொறந்து கேக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். தோனா செனோபியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நான்தான்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

இன்னும் உரக்கச் சொன்னேன்.

லெனீரா